கப்பல் தேக்குக்கு வரியைக் கூட்டினால் பட்டா நிலத்துத் தேக்குக்கு விலை வருமா?

வைகைக்கரை:
ஆண்டிபட்டி பக்கம் எங்கள் ஊர். 2001-ல் அப்பா இரண்டு ஏக்கரில் தேக்கு நட்டார். கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போன காலம். இனி வெள்ளாமை நம்மால் ஆகாது, மரமாவது தன் பாட்டுக்கு வளரட்டும் என்பது அவர் கணக்கு. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. மரத்துக்கு இப்போது வயது 24.

போன மாதம் ஒரு மர வியாபாரியைக் கூட்டி வந்து தோட்டத்தைக் காட்டினேன். நாலைந்து மரத்தைச் சுற்றி டேப் பிடித்தார். காற்றில் சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் வெட்டுமுகத்தைக் கையால் துடைத்துப் பார்த்தார். "வைரம் சின்னதா இருக்கு, வெள்ளைதான் அதிகம்" என்று சொல்லி ஒரு விலை கேட்டார். (நடுவில் இறுகிக் கறுத்த பாகம் வைரம், சுற்றியிருக்கும் வெளிர்ந்த பாகம் வெள்ளை.) விறகுக்குப் போடுவதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். 24 வருடக் காவலுக்கு அந்த விலையா என்று மனது ஆறவில்லை.

அடுத்த வாரம் மதுரையில் ஒரு மரக்கடைக்குப் போயிருந்தேன். உருட்டுத் தேக்கு மலை மாதிரி அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு தடியின் முனையிலும் பெயின்டில் எண். கேட்டால் கானா சரக்கு என்றார்கள். கண்ணுக்கு நம் மரத்தைவிடப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கடல் தாண்டி வருகிற மரத்துக்கு மரியாதை, நம் மண்ணில் நின்ற மரத்துக்கு விறகு விலை. அரசாங்கம் இறக்குமதி மரத்துக்கு வரியை நன்றாக ஏற்றினால்தான் நம் விவசாயி பிழைப்பான் என்று நினைக்கிறேன். தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

முத்துநகர்:
தூத்துக்குடியில் துறைமுகச் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் வேலை பார்க்கிறேன், மரம்தான் பெரும்பாலும். முதலில் வரிக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் பேசலாம்.

உருட்டு மரத்துக்கு அடிப்படைச் சுங்க வரி 5 சதவீதம். அறுத்த மரத்துக்கு 10 சதவீதம். மரம் உருட்டாக வரட்டும், அறுக்கிற கூலி நம் ஊர் ஆட்களுக்குக் கிடைக்கட்டும் என்பதுதான் இந்த வித்தியாசத்தின் பொருள். 100 ரூபாய் உருட்டு மரத்துக்கு 5 ரூபாய் வரி, அதன் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி 50 காசு, ஆக 105.50. இதன் மேல் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி, 18 சதவீதம். மொத்தம் கிட்டத்தட்ட 124.50. இதில் 18 சதவீதத்தைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், உள்ளூர் உருட்டு மரத்துக்கும் அதே 18 சதவீதம்தான். ஆக உண்மையான வேலி வெறும் ஐந்தரை ரூபாய். தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு போட்டு 2010-ல் நடைமுறைக்கு வந்த ஆசியான் ஒப்பந்தப்படி உரிய சான்று காட்டினால் அந்தப் பக்கத்து மரத்துக்கு இந்த ஐந்தரையும் பெரும்பாலும் கிடையாது.

சரி, இதை 15 ஆக்கினால் என்ன ஆகும்? மரம் வருவது நிற்காது. ஆப்பிரிக்காவுக்கும் மத்திய, தென் அமெரிக்காவுக்கும் ஆசியாவிலிருந்து சரக்கு ஏற்றிப்போகும் கன்டெய்னர்கள் திரும்பும்போது காலியாக வர வேண்டியிருக்கிறது. காலியாக வருவதற்குப் பதில் தேக்குத் தடியை ஏற்றி வந்தால் கப்பல்காரருக்கு லாபம், அதனால் வாடகை குறைவு. பனாமாவிலும் ஈக்வடாரிலும் வளர்ந்த தேக்கு தூத்துக்குடி வரை வந்து கட்டுப்படியாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வரியைக் கூட்டினால் அந்தச் சுமை வீடு கட்டுகிறவர் தலையில் போகும். உங்கள் தோட்டத்து மரத்துக்கு அது வந்து சேருமா என்பது எனக்குச் சந்தேகம்.

மரவாடி செங்கோட்டை:
செங்கோட்டையில் மரம் அறுக்கும் சாமில் வைத்திருக்கிறோம். தாத்தா காலத்துத் தொழில். வைகைக்கரை தம்பி, நான் ஏன் கப்பல் மரம் வாங்குகிறேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கன்டெய்னர் வாங்கினால் ஒரே சுற்றளவு வகை, ஒரே நீள வகை. எனக்கு எத்தனை நிலை, எத்தனை கதவுச் சட்டம் வரும் என்று அறுக்கும் முன்பே கணக்குப் போட்டுவிடலாம். விவசாயியின் மரம் வாங்கினால் நான் தோட்டத்துக்குப் போக வேண்டும், நின்ற மரமாக விலை பேச வேண்டும், ஆள் வைத்து வெட்ட வேண்டும், மரத்தைக் கொண்டுபோக வனத்துறை பர்மிட் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் ஒரு மழை பெய்தால் லாரி உள்ளே இறங்காது. வெட்டிக் கொண்டுவந்து பார்த்தால் நாலில் ஒன்று கோணல், ஒன்று முடிச்சு. ஐந்தரை ரூபாய் வரி இந்தத் தொல்லைகளுக்குப் பக்கத்திலேயே வராது.

நல்ல உள்ளூர்த் தேக்கை நான் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் கால்வாய்க் கரையில் வனத்துறை வளர்த்த தேக்கை ஏலத்தில் எடுத்து அறுத்திருக்கிறேன். பலகையை இழைத்தால் அந்த எண்ணெய் வாசம் பட்டறை முழுக்க நிற்கும். அப்படி மரம் விவசாயியிடம் இருந்தால் கப்பலுக்கு நான் ஏன் போகிறேன்?

ஒன்று கேட்கிறேன். உங்கள் அப்பா என்ன இடைவெளியில் நட்டார்? நெருக்கம் குறைய நடுவில் எப்போதாவது சில மரத்தை வெட்டிக் கழித்தீர்களா?

வைகைக்கரை:
ஆறடிக்கு ஆறடி என்று நினைவு. கழிக்கவே இல்லை அண்ணாச்சி. அப்பாவுக்கு வெட்ட மனது வராது.

மரவாடி செங்கோட்டை:
அங்கேதான் இருக்கிறது சங்கதி. ஆறடிக்கு ஆறடி என்றால் ஏக்கருக்கு ஆயிரத்து இருநூறு மரம். அத்தனையும் 24 வருடம் ஒரே மண்ணில், ஒரே வெயிலுக்கு அடித்துக்கொண்டு நின்றால் எல்லாம் உயரத்தான் போகும், பருக்காது. நாலைந்து வருடத்தில் ஒன்றுவிட்டு ஒன்று கழித்து, அப்புறம் பத்து வருடம் வாக்கில் இன்னொரு முறை கழித்திருந்தால் மிச்ச மரம் இன்னேரம் தூண் மாதிரி நிற்கும்.

கூடலூர் பனி:
நான் மர வியாபாரி இல்லை. நீலகிரியில் காட்டையும் காட்டுக்கு நடந்ததையும் பார்த்து வளர்ந்தவள். இந்தப் பேச்சில் விட்டுப்போன ஒன்றைச் சொல்கிறேன்.

நம் நாடு ஏன் இவ்வளவு மரம் இறக்குமதி செய்கிறது? காட்டு மரத்தை வெட்டுவதை நிறுத்தியதால். 1988 தேசிய வனக் கொள்கையே, தொழிற்சாலைகள் காட்டை எதிர்பார்க்காமல் விவசாயிகளோடு நேரடித் தொடர்பு வைத்துத் தங்களுக்கு வேண்டிய மரத்தை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டது. அப்புறம் எங்கள் கூடலூர்க் காடு அழிவதைத் தடுக்கச் சொல்லி நிலம்பூர்க்காரர் கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு நாடு முழுக்கக் காட்டின் தலையெழுத்தை மாற்றியது. வடகிழக்கில் மர ஆலைகள் மூடின. தமிழ்நாட்டுக் காடுகளில் மரம் வெட்ட முழுத் தடை. அன்றிலிருந்து இறக்குமதி மரம்தான் நம் காட்டுக்குக் கேடயம். வரியை ஏற்றி அந்தக் கேடயத்தைப் பிடுங்கினால் திருட்டு வெட்டு மறுபடி தலைதூக்கும் என்பது என் பயம்.

ஆனால் அதே உத்தரவில் தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இன்னொரு வரியும் உண்டு: தானாக முளைக்காமல், நட்டு வளர்த்த மரங்களுக்கு, முன்பு காடாக இல்லாத இடங்களில், இந்தத் தடை பொருந்தாது. உங்கள் அப்பா நட்ட மரத்தை நீதிமன்றம் தடுக்கவில்லை. இதைப் பலர் படிப்பதே இல்லை.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. நம் காட்டைக் காத்தோம், சரி. அந்த மரம் யார் காட்டிலிருந்து வருகிறது? காபோன் 2010-ல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. மியான்மர் 2014 ஏப்ரல் 1-ல் நிறுத்தியது. தங்கள் காடு கரைகிறது என்று அவர்களே பயந்து கதவைச் சாத்துகிறார்கள். 2021-ல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அந்த அரசின் மர நிறுவனத்தின் மேல் தடை போட்டன. நாம் போடவில்லை. வருகிற மரம் சட்டப்படி வெட்டியதா என்று இறக்குமதியாளர் கவனித்துச் சரிபார்க்க வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறது, இந்தியாவில் இல்லை. வரியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைப் பேச வேண்டும்.

முத்துநகர்:
பனி அக்கா, கடைசிப் பத்தியில் நீங்கள் சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. எங்கள் காகிதக் கட்டில் பூச்சி இல்லை என்று தாவர நோய்ச் சான்று கேட்பார்கள், புகையூட்டிய சான்று கேட்பார்கள். எந்தக் காட்டில், யாருடைய அனுமதியில் வெட்டியது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஒழுங்காகப் பண்ணையில் வளர்த்து விற்கிறவன் நிற்பான், திருட்டு மரம் ஒதுங்கும். வரியைவிட அது நியாயமான வேலி.

உளிச்சத்தம்:
முப்பது வருடமாகத் தச்சு வேலை. காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைப் புதுப்பிக்கிற வேலைக்குப் போவேன். நூறு வருடத்துக்கு முன்னால் ரங்கூனிலிருந்து வந்த தேக்குத் தூணை இன்றைக்கும் உளி வைத்தால் உள்ளே புதுசாக இருக்கிறது. அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு வேறு எந்த மரமும் மரமாகத் தெரியாது. அந்த மாதிரி மரம் இன்றைக்குக் கப்பலிலும் வருவதில்லை. வருவது பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வருடப் பண்ணை மரம். அதிலும் வெள்ளை இருக்கத்தான் செய்கிறது. அது தேக்கு என்றால் வைகைக்கரை அண்ணனுடையதும் தேக்குதான்.

வெள்ளைப் பாகத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதை அப்படியே வைத்தால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். கதவுக்குக் கீழே மஞ்சள் பொடி கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால் வண்டு அண்டாது. ரப்பர் மரம் முழுக்க வெள்ளைதான். அதையே இப்படி ஊறவைத்துத்தானே கட்டிலும் மேசையும் செய்து ஊரெல்லாம் விற்கிறார்கள்? தேக்கின் வெள்ளை அதைவிட மட்டமா என்ன? ஊருக்கு ஒரு தொட்டியும் ஒரு உலர்த்தும் அறையும் இருந்தால் உங்கள் மரத்துக்கு வேறு விலை.

எங்கள் பிழைப்பைக் கெடுப்பது கானாத் தேக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். புது வீடுகளில் இப்போது ஜன்னல் யுபிவிசி பிளாஸ்டிக், வாசல் கதவுகூட இரும்பு. மர விலை ஒவ்வொரு முறை ஏறும்போதும் இரண்டு வீட்டுக்காரர்கள் மரத்தை விட்டுப் போகிறார்கள். போனவர்கள் திரும்புவதில்லை. என் மகன் உளி பிடிக்கவில்லை, அலுமினியம் வெட்டுகிறான். இறக்குமதி மரத்துக்கு வரியைக் கூட்டினால் இன்னும் பத்து வீடு இரும்புக்குப் போகும்.

பெரும்பாவூர் ரோடு:
பிளைவுட் வியாபாரம். எங்கள் பக்கத்துக் கதையையும் போடுகிறேன், ஏனென்றால் அரசின் கை எங்களிடம் வேறு மாதிரி வந்தது.

2025 பிப்ரவரியில் பிளைவுட்டுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் விற்க முடியாது, வெளிநாட்டு ஆலையும் இங்கே உரிமம் வாங்க வேண்டும். சிறு ஆலைகளுக்குச் சில மாதம் கூடுதல் அவகாசம் கிடைத்தது. நேபாளச் சரக்கு உரிமத்துக்காக எல்லையிலேயே திணறியது. வரியைத் தொடாமலே இறக்குமதிக்குக் கடிவாளம் போட இப்படியும் வழி இருக்கிறது. எனக்கு இதில் வருத்தம் இல்லை. அடுக்கு உரிந்து வரும் மட்டமான பலகையை வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் சோதனைக்கூடமும் ஆளும் வைத்துக்கொள்ள பெரிய கம்பெனியால் முடியும், பத்துப் பேர் வேலை செய்யும் ஆலைக்கு அது பெரிய சுமை.

பிளைவுட்டின் மேல் பலகைக்கு முன்பு பர்மா கர்ஜன் மரம். 2014-க்குப் பிறகு அதன் இடத்தை, உருட்டாக இல்லாமல் மெல்லிய தகடாக உரித்து வரும் காபோன் பக்கத்து ஒகுமே மரம் பிடித்தது. உள்பலகைக்கு எப்போதும் நம் ஊர் ரப்பர், தைலமரம், மலைவேம்புதான். அதாவது பிளைவுட்டில் பாதிக்கு மேல் ஏற்கெனவே விவசாயி மரம். ஆறு, ஏழு வருடத்தில் காசாகும் மரத்துக்கு இங்கே ஆள் இருக்கிறது, வண்டி வாசலுக்கு வரும்.

புகளூர் சவுக்கு:
இவர் சொன்னது சத்தியம். நாங்கள் காகித ஆலைக்குச் சவுக்கு போடுகிறோம். கன்று அவர்கள் தருகிறார்கள், வெட்டு அவர்கள் ஆள், எடைக்குக் காசு. தேக்கு மாதிரி ஆசை காட்டும் விலை இல்லை, ஆனால் ஏமாற்றமும் இல்லை. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் மலைவேம்புக்கும் சவுக்குக்கும் நல்ல ரகம் எடுத்துக் கொடுத்த பிறகு எங்கள் பக்கம் பலர் மாறினார்கள்.

யமுனாநகரைப் பாருங்கள். ஹரியானாவில் காடே கொஞ்சம்தான். 1980களில் தீப்பெட்டிக் கம்பெனி விம்கோ, வங்கிக் கடனோடும் திரும்ப வாங்கும் உறுதியோடும் விவசாயிகளைப் பாப்லர் என்ற வேகமாக வளரும் மரத்தை நடவைத்தது. இன்றைக்கு அது நாட்டின் பெரிய பிளைவுட் சந்தைகளில் ஒன்று. மரத்துக்குப் பக்கத்தில் வாங்குகிறவன் இருந்தான், வெட்டிக் கொண்டுபோக யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. தேக்குக்கு இந்த இரண்டுமே இங்கே இல்லை. 1990களில் தேக்குப் பண்ணைக் கம்பெனிகள் பேச்சை நம்பிப் பணம் போட்டு எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்தது என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தச் சூட்டில் தேக்கு என்றாலே பாங்க்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வைகைக்கரை:
எல்லாரும் சொன்னதை இரண்டு முறை படித்தேன். மரவாடி அண்ணாச்சி கழிப்பதைப் பற்றிக் கேட்டதிலிருந்து அப்பாவைக் குறை சொன்ன மாதிரி மனதுக்குள் ஒரு சங்கடம். அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

மனது வராதது ஒரு பக்கம். 2009-ல் அப்பா ஒரு முறை கழிக்கத்தான் நினைத்தார். கை மொத்த மரம், நூறு போல. கம்புக்கு ஆகும், பந்தல்காலுக்கு ஆகும் என்று கேட்டு ஒருவர் வந்தார். தேக்கு என்பதால் பர்மிட் வேண்டும் என்றார்கள். சிட்டா, நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் சான்று என்று எல்லாம் எடுத்துக்கொண்டு அப்பா ஒரு அலுவலகத்துக்கு ஐந்து முறை போனார். நானும் இரண்டு முறை கூடப் போனேன். ஒரு நாள் ஆள் லீவு, ஒரு நாள் நேரில் வந்து பார்க்க வண்டி இல்லை. எட்டாவது வாரம் வாங்க வந்தவர் வேறு பக்கம் சவுக்குக் கம்பு வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெரிய மரம் ஒன்றுக்கு எவ்வளவு காகிதமோ அதே காகிதம்தான் கை மொத்த மரத்துக்கும். பஸ் செலவுகூடத் தேறவில்லை. அதோடு அப்பா அந்தப் பேச்சை விட்டுவிட்டார். கழிக்காததால் மரம் பருக்கவில்லை என்றால், கழிக்க முடியாமல் போனதற்கு யார் காரணம்?

கூடலூர் பனி:
இதுதான் நான் கேட்க நினைத்த கேள்வி. காட்டுத் தேக்கைத் திருடிப் பட்டாத் தேக்கு என்று கணக்குக் காட்டுவதைத் தடுக்கத்தான் பர்மிட் வந்தது. அந்தப் பயம் உண்மையானது, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பர்மிட்டே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் காட்டோரத் தாலுகாவுக்கும், பத்துக் கிலோமீட்டருக்குக் காடே இல்லாத ஊருக்கும் ஒரே விதி எதற்கு? ஒரு குறிப்பிட்ட சுற்றளவுக்குக் கீழே உள்ள நட்ட மரத்தை, அடங்கலில் பதிவு இருந்தால் போதும் என்று விட்டுவிடலாம். கம்பு மரத்தைத் திருடக் காட்டுக்குள் யாரும் போவதில்லை.

முத்துநகர்:
2023 டிசம்பரில் நாடு முழுக்க ஒரே பாஸ் என்று இணைய வழிப் போக்குவரத்து அனுமதி முறையை மத்திய அரசு தொடங்கியது. கைபேசியில் விண்ணப்பிக்கலாம். 2009-ல் உங்கள் அப்பாவுக்கு இருந்த நிலை இன்று அப்படியே இல்லை, முயற்சி செய்து பாருங்கள். ஆனால் நேரில் வந்து மரத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில் ஆள் வந்துதான் ஆக வேண்டும். எங்கள் கப்பல் மரத்துக்கும் காகிதம் நிறைய. ஒரே ஒரு வித்தியாசம், ஆயிரம் தடிக்கு ஒரே கட்டு, ஒரே இடத்தில் முடிந்துவிடும்.

மரவாடி செங்கோட்டை:
தம்பி, நான் குறை சொல்லவில்லை. இந்தக் கதை எனக்குப் புதுசும் இல்லை. மரத்தை இன்னும் விற்றுவிடாதீர்கள். முதலில் அளக்கப் பழகுங்கள். வியாபாரி டேப் பிடித்தால் என்ன கணக்குப் போடுகிறான் என்று தெரிய வேண்டும்.

ஹோப்பஸ் கணக்கு என்று பெயர். தடியின் நடு இடத்தில் சுற்றளவு எடுங்கள். 36 அங்குலம் என்று வையுங்கள். நாலால் வகுத்தால் 9. ஒன்பதை ஒன்பதால் பெருக்கினால் 81. தடி நீளம் 12 அடி என்றால் 81-ஐ 12-ஆல் பெருக்கி 144-ஆல் வகுங்கள். ஆறே முக்கால் கனஅடி. அந்தத் தடியில் உண்மையில் இருக்கும் மரம் எட்டரைக் கனஅடிக்கு மேல். அறுக்கும்போது சிராய், தூள் போகும் என்று அந்தக் காலத்திலேயே ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து வைத்த கணக்கு அது. கப்பல் மரத்துக்கும் இதே கணக்குதான், பட்டைக்கென்று சுற்றளவில் சில சென்டிமீட்டர் தனியாகவும் கழிப்போம். கணக்கிலேயே ஒரு முறை கழித்த பிறகு, "கழிவு" என்று சொல்லி இன்னொரு முறை கழிக்கும் ஆளும் உண்டு. அங்கே விடக்கூடாது.

அப்புறம் வரிசைக்கு ஒன்றுவிட்டு ஒன்று நல்ல மரத்துக்குச் சுண்ணாம்பு அடித்து வையுங்கள், கோணலும் ஒல்லியும் போகட்டும். 24 வயதில் கழித்தாலும் நிற்கிற மரம் இன்னும் எட்டு, பத்து வருடத்தில் கொஞ்சம் பருக்கும். கழிக்கிற மரத்தை ஒரு லோடு நான் எடுத்துக்கொள்கிறேன். உளிச்சத்தம் அண்ணன் சொன்ன போராக்ஸ் தொட்டியை நானும் ரொம்ப நாளாக யோசிக்கிறேன். ஒரு லோடு உத்தரவாதமாக வந்தால் கட்டிப் பார்க்கலாம்.

உளிச்சத்தம்:
கட்டுங்கள் அண்ணாச்சி. முதல் பலகையை எனக்கு அனுப்புங்கள். ஒரு கதவு செய்து மழையில் நிற்க வைத்துப் பார்க்கிறேன்.

வைகைக்கரை:
நேற்று மகளைக் கூட்டிக்கொண்டு போய் நாற்பது மரம் அளந்தோம். அவள் நோட்டில் எழுத, நான் டேப் பிடித்தேன். நெஞ்சு உயரத்தில் சராசரி 27 அங்குலம். கிணற்று மேட்டை ஒட்டிய ஓர வரிசை மட்டும் 38, 40 வருகிறது. ஒரு பக்கம் வெயிலும் தண்ணீரும் கிடைத்த மரம். உள் வரிசை எதுவும் 30-ஐத் தாண்டவில்லை. அண்ணாச்சி சொன்னது அளந்தபோது கண்ணுக்கே தெரிந்தது. வரி கூட்டச் சொல்லிக் கேட்டது நான்தான், இப்போது அதை விட்டுவிட்டேன்.

மரவாடி செங்கோட்டை:
நல்லது தம்பி. விண்ணப்பிக்கும் முன் அடங்கலை எடுத்து, தேக்கு என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் எந்தப் பர்மிட்டும் நகராது.

வைகைக்கரை:
எடுத்தேன் அண்ணாச்சி. இரண்டு ஏக்கருக்கும் "தரிசு" என்று இருக்கிறது. திங்கட்கிழமை விஏஓவைப் பார்க்கப் போகிறேன். மகள் அளந்த நோட்டையும் கையில் கொண்டுபோகிறேன்.